நெமிலிச்சேரி ஆமைகள்

நாகவல்லி லாக்கரைத் திறந்தபோது செல்போன் தகரத்தின்மேல் அதிர்ந்து அதிர்ந்து நகர்ந்து விளிம்புக்கே வந்திருந்தது. வெங்காய வாடை போகாத கையால் பாய்ந்து பிடித்தாள். திரையில் நூற்றுப் பதினேழு என்று எண் காட்டியது. அவளுக்கு ஒரு நாளைக்கு வருவதே மூன்று நான்கு செய்திதான். அதிலும் பாதி, ரீசார்ஜ் முடியப்போகிறது என்று வருவது.

"யக்கா, இன்னா மூஞ்சி இப்டி ஆயிட்ச்சு? யாருக்குனா எதுனாவா?" என்று கேட்டாள் ராணி. பக்கத்து லாக்கரிலிருந்து பையை எடுத்துக்கொண்டிருந்தாள்.

"தெர்லடி. நூறுக்கு மேல வந்துகீது."

அம்பத்தூர் எஸ்டேட்டில் கார் உதிரிபாகம் செய்யும் ஒரு கம்பெனியின் கேன்டீனில் இருவருக்கும் வேலை. காலை ஐந்தரைக்கு உள்ளே போனால் மத்தியானம் இரண்டரைக்குத்தான் வெளியே. அறுநூறு பேருக்குச் சாப்பாடு. போன் உள்ளே வரக் கூடாது. புரட்டாசி என்பதால் ஆம்லெட், கறிக்குழம்பு எல்லாம் நிறுத்தியிருந்தார்கள். அதற்கு ஈடாகக் காய் நறுக்கும் வேலை இரண்டு மடங்காகியிருந்தது. அன்றைக்கு முட்டைக்கோஸ் மட்டும் மூன்று மூட்டை.

முதலில் துலுக்கானத்துக்குப் போன் போட்டாள். அவள் புருஷன், குட்டியானை என்று எல்லாரும் சொல்லும் சின்ன லோடு வண்டி ஒன்றைச் சொந்தமாக ஓட்டுகிறவன். மழை வேறு நேற்றிலிருந்து விட்டுவிட்டுப் பெய்துகொண்டிருந்தது.

"எங்க கீற?"

"காட்டுப்பாக்கத்துல டிராபிக்ல மாட்டிகினு கீறேன். இன்னா விசியம்?"

"ஒண்ணுமில்ல. வையி."

மகளுக்கும் ஒன்றும் ஆகியிருக்காது; ஆகியிருந்தால் பள்ளிக்கூடத்திலிருந்து நேராகக் கூப்பிட்டிருப்பார்கள். அதற்குப் பிறகுதான் அந்த நூற்றுப் பதினேழும் என்னவென்று பார்த்தாள். எல்லாம் ஒரே மாதிரி இருந்தன. 'இன்னும் இருக்கோம் – புதிய கருத்து வந்துள்ளது.'

அது மகள் யுவராணியின் வலைப்பூ. ஒன்பதாம் வகுப்பு. அரசுப் பள்ளியில் கம்ப்யூட்டர் லேப் வந்த பிறகு திவ்யா டீச்சர் பிள்ளைகளை மூன்று மூன்று பேராகப் பிரித்து, அழிந்துகொண்டு வரும் விலங்குகளைப் பற்றியும் அவற்றைக் காப்பாற்றுவதைப் பற்றியும் குழுவுக்கொரு வலைப்பூ தொடங்கச் சொல்லியிருந்தார். யுவராணி, நிஷா, கிஷோர் மூவரும் ஒரு குழு. 'இன்னும் இருக்கோம்' என்று பேர் வைக்கவே ஒரு வாரம் சண்டை. கணக்குத் திறக்க நாகவல்லியின் போனைத்தான் வாங்கினார்கள். முதல் பதிவு புலி. இரண்டாவது பாறு கழுகு. இரண்டையும் சேர்த்துப் பதினோரு பேர் பார்த்திருந்தார்கள். அதில் எட்டு அவர்களே பார்த்தது என்று யுவராணி முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு சொன்னது நாகவல்லிக்கு நினைவிருந்தது.

திருவள்ளூர் போகும் ரயிலில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. ராணி எதிரில் உட்கார்ந்தாள். நாகவல்லி எட்டாவதுவரை படித்தவள். எழுத்துக்கூட்டவெல்லாம் வேண்டியதில்லை, ஆனால் நிதானமாகத்தான் படிப்பாள். மூன்றாவது பதிவைத் திறந்தாள். தலைப்பைப் பார்த்ததும் நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

'எங்கள் வீட்டில் ஒரு கைதி.'

அடியில் புகைப்படம். அவள் வீட்டுப் புறக்கடை. பின்னால் பக்கத்து வீட்டுப் பச்சைத் தண்ணீர் டேங்க். துணி துவைக்கும் கல். கல்லுக்குப் பக்கத்தில் நீலப் பிளாஸ்டிக் தொட்டி. தொட்டிக்குள், முதுகெல்லாம் மஞ்சள் நட்சத்திரக் கோடு போட்ட லட்சுமி.

"அடிப்பாவி," என்றாள் நாகவல்லி, ரயிலே திரும்பிப் பார்க்கும்படி.

லட்சுமி என்பது ஆமை. ஏழு வருஷத்துக்கு முன்னால் துலுக்கானம் தடா பக்கம் லோடு இறக்கப் போனபோது ஒருவன் கோணிப்பையில் வைத்திருந்ததைக் கேட்டு வாங்கி வந்தது. ஆமை புகுந்த வீடு விளங்காது என்று தெருவில் நாலு பேர் சொன்னார்கள். அவன் கேட்கவில்லை, இது நட்சத்திரம் போட்டது, ராசியானது என்றான். அடுத்த மாசமே வாடகை வண்டியை விட்டுச் சொந்த வண்டி எடுத்தான். அதற்கப்புறம் வண்டியைக் கிளப்பும் முன்னால் தொட்டியை எட்டிப் பார்த்துக் கும்பிடாமல் அவன் ஒரு நாளும் கிளம்பியதில்லை.

திருமுல்லைவாயல் வந்தது. நூற்றுப் பதினேழு நூற்று முப்பது ஆனது. அண்ணனூரில் நூற்று நாற்பத்தி இரண்டு. முகப்பேரில் ஏதோ ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பின் குழுவில் யாரோ பகிர்ந்திருந்தார்கள், அங்கிருந்து எங்கெங்கோ போயிருந்தது. 'என்ன துணிச்சல் இந்தப் பெண்ணுக்கு!' என்று ஒருவர். 'எங்கள் வீட்டிலும் இருந்தது. போன வருடம் செத்துவிட்டது. இதைப் படித்து அழுதேன்' என்று ஒருவர். 'இது ஜாமீன் கிடைக்காத கேஸ், தெரியுமா?' என்று ஒருவர்.

அந்தக் கடைசி வரியை நாகவல்லி இரண்டு தடவை படித்தாள்.

ஆவடியில் இறங்க எழுந்த ராணி, "இன்னாக்கா அது?" என்று போனுக்குள் தலையை நீட்டினாள். படத்தைப் பார்த்ததும் அவள் முகம் ஒரு மாதிரி ஆனது. அவசரமாக இறங்கிப் போய்விட்டாள்.

நாலரைக்கு யுவராணி வந்தபோது தலை முதல் கால்வரை நனைந்திருந்தாள். குடை பைக்குள்ளேயே இருந்தது. விரிக்க நேரமில்லாமல் ஓடி வந்திருந்தாள்.

"மா! ஆயிரத்து நானூறு பேர் பாத்துகீறாங்கமா! திவ்யா மிஸ் கிளாஸ்லயே பெரிய ஸ்கிரீன்ல போட்டுக் காட்னாங்க. எச்செம்மு வந்து கை குடுத்தாரு. கிஷோரு பெஞ்சு மேல ஏறி டான்ஸ் ஆடுறான்!"

"ஆடுவான். அந்த ஆயிரத்து நானூறுல ஒருத்தன் போலீஸா இருந்தா உங்க நைனா எங்க போய் ஆடுவான்? சொல்லு."

"நான் ஊட்டு அட்ரசு போடலியே."

"கீழ என் போன் நெம்பரு போட்டுகீதே, அது இன்னா?"

யுவராணி நாக்கைக் கடித்துக்கொண்டாள். "அது கிஷோரு வேல. 'எங்களைத் தொடர்புகொள்ள'ன்னு எல்லா பிளாக்லயும் இருக்கும்னு சொல்ட்டுப் போட்டான். எட்த்துட சொல்றேன்."

"எல்லாத்தையும் எட்த்துடு. அந்தப் பதிவையே தூக்கு."

"முழுசாப் படிச்சியாமா நீ?"

"கைதின்னு போட்டதப் பாத்ததுமே எனக்கு ரத்தம் கொதிச்சிட்ச்சு. உன்ன வளக்கற மாரிதானடி அதையும் வளத்தோம்? தெனிக்கும் நான்தான தண்ணி மாத்தறேன்?"

யுவராணி போனை வாங்கி, ஈரக் கையைத் துண்டில் துடைத்துக்கொண்டு, பள்ளிக்கூடத்தில் வாசிக்கிற குரலில் வாசித்தாள்.

'நட்சத்திர ஆமை தண்ணீரில் வாழும் ஆமை இல்லை. அது வறண்ட புதர்க்காட்டில் நடந்து திரிவது. அதற்கு நீந்தத் தெரியாது. இது எங்களுக்குத் தெரியாது. அதனால் ஏழு வருடமாகத் தொட்டியில் தண்ணீர் ஊற்றி வைத்திருக்கிறோம். புல் தின்னும் அதற்குச் சோறு போட்டோம். அது தினமும் தொட்டியின் சுவரைப் பிராண்டிக்கொண்டே இருக்கும். லட்சுமி விளையாடுகிறாள் என்று என் அம்மா சொல்வார். அது வெளியே வரப் பார்த்தது என்று நேற்றுத்தான் தெரிந்தது. எங்கள் வீட்டார் கெட்டவர்கள் இல்லை. இதை எப்படித் திருப்பிக் கொடுப்பது என்று தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.'

அடுப்பில் டீத்தண்ணீர் பொங்கி வழிந்தது. நாகவல்லி அடுப்பை அணைத்துவிட்டுப் புறக்கடைக்குப் போனாள். மழை தூறலாக இறங்கியிருந்தது. தொட்டிக்குள் ஆமை முன்னங்கால் இரண்டையும் பிளாஸ்டிக் சுவரில் வைத்து எழுந்து நின்றது. நகம் வழுக்கியது. தொப்பென்று தண்ணீரில் விழுந்தது. மறுபடி எழுந்தது. கரக், கரக். பாத்திரம் தேய்க்கும்போது, துணி துவைக்கும்போது, ஏழு வருஷமாக அவள் காதில் விழுந்துகொண்டிருந்த சத்தம்.

குனிந்து இரண்டு கையாலும் அதைத் தூக்கினாள். தொட்டியைக் காலாலேயே கவிழ்த்தாள். தண்ணீர் கல்லைச் சுற்றி ஓடியது. உள்ளே கொண்டுவந்து ஒரு கோணியை விரித்து அதன்மேல் வைத்தாள். ஆமை தலையை இழுத்துக்கொண்டு கிடந்தது. அம்மாவும் மகளும் குத்துக்காலிட்டு உட்கார்ந்து பார்த்தார்கள். கொஞ்ச நேரம் போனதும் தலை நீண்டது. பிறகு கால். கோணியின் சொரசொரப்பில் நகம் பதிந்தது. ஓரடி. இன்னோரடி. கோணியைத் தாண்டி, அரிசி டிரம்மைச் சுற்றி, கட்டிலுக்கடியில் புகுந்து, மறுபக்கம் வந்தது.

"நடக்குதுடி!" என்றாள் நாகவல்லி. குரல் கீச்சென்று போனது. "தே பார்றி, எம்மாம் வேகமா போவுது! ஏய், கதவ சாத்து!"

துலுக்கானம் வந்ததும் கதை வேறாகிவிட்டது. தொட்டி கவிழ்ந்து கிடப்பதைத்தான் முதலில் பார்த்தான்.

"யார்ரா இத்த கவுத்தது? லட்சுமி எங்க?"

"கட்டிலுக்கடில. தண்ணில வெக்கக் கூடாதாம்யா. அது காட்ல நடக்கற ஆமையாம்."

விஷயத்தைச் சொல்லி முடிப்பதற்குள் மூன்று தடவை இடையில் கத்தினான். ஈரத் துண்டைத் தோளிலிருந்து எடுத்து நாற்காலிமேல் வீசினான். யுவராணி சுவரோடு ஒட்டி நின்றாள்.

"ஊரே வண்டிக்காரனுக்கு லோடு இல்லாம குந்திகினு கீது. எனக்கு அடுத்த வாரம் கம்பெனில வருசக் கான்டிராக்ட் கையெழுத்தாவுது. இந்த நேரத்துல ஊட்டு லட்சுமிய வெளிய தள்றேன்றீங்க. ஆத்தாளும் பொண்ணும் பிளான் பண்ணிதான் கீறீங்க."

"கையெழுத்து போடறது ஆமையா, மேனேஜரா?" என்றாள் நாகவல்லி.

"உனக்கு நக்கலா கீதா? அன்னிக்கு வண்டலூர்ல வண்டி கவுந்து ஒரு கீறல் இல்லாம வந்தேனே, யாரால?"

"பெல்ட் போட்டிருந்த, வந்த."

"நைனா," என்றாள் யுவராணி மெல்ல, "சட்டப்படி மூணு வருசம் ஜெயிலு நைனா. நாமளே கொண்டும்போய் குடுத்துட்டா..."

"குடுத்தா? மால வாங்கிப் போடுவானா? 'எங்க புட்ச்ச'ன்னு கேப்பான். உள்ள வெப்பான். வோணாம். காலீல எடுத்துகினு போய் ஏரில உட்டுட்டு வந்துடறேன். முட்ஞ்ச்சுது."

"ஏரில உட்டா முழுகிப் பூடும்!" என்று கத்தினாள் யுவராணி. அப்பாவிடம் அவள் குரல் அவ்வளவு உயர்ந்தது அதுதான் முதல் தடவை. "நீந்தத் தெரியாதுன்னு இப்பதான சொன்னேன்!"

ராத்திரிச் சாப்பாடு மிளகு ரசமும் அப்பளமும். துலுக்கானம் கையைக் கழுவிவிட்டுக் கட்டிலுக்கடியில் குனிந்து பார்த்தான். ஒரு முருங்கைக் கீரைக் காம்பை எடுத்து நீட்டினான். அது வாயைத் திறந்து, இலையைக் கடித்து இழுத்தது.

"இத்த துன்னுதே," என்றான், யாரிடமும் இல்லாமல்.

மறுநாள் மாலை ஐந்து மணிக்கு நாகவல்லிக்கு ஒரு போன் வந்தது. தேன் தடவிய குரல்.

"யக்கா, வணக்கம்கா. பிளாக் பாத்தேன், ஸ்கூல் பேரு போட்டுகீது. பாப்பா நல்லா எழுதிகீது. நாங்க மிருகங்களக் காப்பாத்தற ஆளுங்கதான். நெமிலிச்சேரி ஸ்டேசனாண்டதான் நிக்கறேன். அந்த போட்டோல பின்னால தெரியுதே பச்ச டேங்கு, அது பக்கத்து ஊடுதான? தோ வந்துட்டேன்."

வாசலுக்கு வருவதற்குள் பைக் வந்து நின்றுவிட்டது. முப்பது வயசு இருக்கும். மழைக்கோட்டு. தோளில் பெரிய பை. செருப்பைக்கூடக் கழற்றாமல் உள்ளே வந்தான். துலுக்கானம் அப்போதுதான் வண்டியை நிறுத்திவிட்டு டீ குடித்துக்கொண்டிருந்தான்.

"அண்ணாத்தே, பயந்துகினு கீறீங்கன்னு கேள்விப்பட்டேன். எதுக்கு பேஜாரு? எங்கிட்ட குடுத்துடுங்க. யாரும் ஒரு கேள்வி கேக்க மாட்டான்."

"நீ யாரு? கவர்மென்ட்டா?"

"கவர்மென்ட் மாரிதான்."

"மாரின்னா?" என்றாள் நாகவல்லி.

அவன் அவளைப் பார்க்கவில்லை. கட்டிலுக்கடியில் கண் போய்விட்டது. குனிந்து ஆமையை இழுத்தான். அது ஓட்டுக்குள் சுருங்கியது. அதைத் தலைகீழாகக் கவிழ்த்தான். விரல் கணுவால் ஓட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தான், தேங்காய் பொறுக்குகிறவன்போல. ஒரு காலைப் பிடித்து வெளியே இழுத்தான்.

"சோறு போட்டு ஓட்டக் கெடுத்து வெச்சுகீறீங்க. பரவால்ல. இத்த வாங்கறவன் ஓட்டப் பாக்க மாட்டான், உசுரு இருந்தாப் போதும்."

துலுக்கானத்தின் கையில் இருந்த டம்ளர் கீழே இறங்கியது. அவன் முகத்தை நாகவல்லி பார்த்தாள். தடாவில் கோணிப்பையை அவிழ்த்துக் காட்டியவனும் இப்படித்தான் தட்டிக் காட்டியிருப்பானோ என்று அவளுக்குத் தோன்றியது. அவனுக்கும் அதுதான் தோன்றியிருக்க வேண்டும்.

"கீழ வையி," என்றான் துலுக்கானம்.

"அண்ணாத்தே..."

"நேரா வையிடா மொதல்ல. கவுத்தாத அத்த."

"நல்லதுக்கு சொல்றேன். குடுக்கலன்னா நானே போலீசுக்கு ஒரு போன் போடுவேன். அப்பால பொண்ணு எழுத்தே உங்களுக்கு சாட்சி."

நாகவல்லி நடுவில் வந்தாள். கையில் கரண்டி இருந்தது; அவளுக்கே அது தெரியவில்லை. "போடு. இங்கயே, என் எதிருக்கவே போடு. நெம்பரு தெரியலன்னா நான் சொல்றேன். போலீசு வரட்டும். நீ யாரு, பையில இன்னா வெச்சுகீற, எந்த ஊர்ல எத்தினி ஆமைய தட்டிப் பாத்தன்னு அவனே உன்னக் கேக்கட்டும். போட்றா போன!"

அதற்குள் யுவராணி தெருவுக்கு ஓடிப்போய் அவன் பைக் நம்பர் பலகையைப் போட்டோ எடுத்துவிட்டாள். "நைனா, நெம்பரு எட்த்துட்டேன்!" என்று வாசலில் குதித்தாள். பக்கத்து வீட்டு அய்யாசாமி, "இன்னா சத்தம் அங்க?" என்று வெளியே வந்தார். வந்தவன் ஆமையை வைத்துவிட்டுப் போன வேகத்தில் பைக் தெருமுனைச் சேற்றில் சறுக்கி, நிமிர்ந்து, போயே போய்விட்டது.

துலுக்கானம் ஆமையின் பக்கத்தில் உட்கார்ந்தான். வெகு நேரம் அது தலையை நீட்டவில்லை.

"நாகு," என்றான்.

"இன்னா?"

"நாளிக்கு லீவு சொல்லு. போலாம்."

வெள்ளிக்கிழமை காலை குட்டியானையின் முன்சீட்டில் மூன்று பேரும் நெருக்கியடித்து உட்கார்ந்தார்கள். யுவராணி மடியில் காய்ந்த வைக்கோல் போட்ட அட்டைப்பெட்டி. வண்டியைக் கிளப்பும்முன் துலுக்கானம் பெட்டியைத் திறந்து பார்த்துக் கும்பிட்டான். நாகவல்லி வேறு பக்கம் பார்த்துக்கொண்டாள்.

பூந்தமல்லி சாலை முழுக்க மெட்ரோ வேலைத் தடுப்பு. கிண்டி வனத்துறை அலுவலகம் போய்ச் சேரப் பதினொன்றரை ஆனது. வண்டியை நிறுத்திய பிறகும் துலுக்கானம் இறங்கவில்லை. ஸ்டியரிங்கைப் பிடித்தபடியே இருந்தான்.

"உள்ள வெச்சுட்டா, வண்டிய என் தம்பி பூபாலனாண்ட குடுத்து ஓட்டச் சொல்லு. நிப்பாட்டி வெக்காத. பேட்ரி போயிடும்."

"எறங்குய்யா."

ரேஞ்சர் ஒரு பெண். நாற்பது வயதிருக்கும், காக்கிச் சட்டைக் கையை முழங்கைவரை மடித்துவிட்டிருந்தார். பெட்டியைத் திறந்து பார்த்தார். பிறகு யுவராணியைப் பார்த்தார்.

"இன்னும் இருக்கோம்?" என்றார்.

யுவராணி தலையை மட்டும் ஆட்டினாள்.

"நேத்து இந்த ஆபீஸ்ல இருக்கற எல்லாரும் படிச்சாச்சு. உங்க ஸ்கூலுக்குப் போன் பண்றதா இருந்தோம். நீங்களே வந்துட்டீங்க." துலுக்கானத்தின் பக்கம் திரும்பினார். "ஏன் நிக்கறீங்க? உக்காருங்க. நீங்களா கொண்டுவந்து ஒப்படைச்சதா எழுதிக்கறேன். பயப்படாதீங்க."

துலுக்கானம் நாற்காலி விளிம்பில் உட்கார்ந்தான். டாக்டர் வந்து ஆமையைத் திருப்பாமல், பக்கவாட்டில் தூக்கிப் பார்த்தார். ஓடு மேடும் பள்ளமுமாக வளர்ந்திருப்பது சோற்றால் வந்தது, இனிமேல் மோசமாகாது என்றார். கொஞ்ச நாள் வைத்திருந்து உடம்பைத் தேற்றி, பிறகு காட்டில் விடமுடியுமா என்று பார்ப்பார்களாம்.

"பேர் ஏதாவது வெச்சிருந்தீங்களா?"

"லட்சுமி, டாக்டரு," என்றான் துலுக்கானம்.

டாக்டர் சிரிப்பை அடக்கிக்கொண்டார். "இது ஆண்."

துலுக்கானம் ஆமையைப் பார்த்தான், நாகவல்லியைப் பார்த்தான், டாக்டரைப் பார்த்தான். "ஏழு வருசமா மஞ்சா குங்குமம் வெச்சுகினு இருந்தேனே, டாக்டரு!" என்றான். ரேஞ்சர் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அவனும் சிரித்தான். சிரித்துக்கொண்டே இருக்கும்போது கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

பைக் நம்பரை யுவராணி கொடுத்தாள். ரேஞ்சர் அதை வாங்கியவுடன் யாருக்கோ போன் செய்தார். கிளம்பும்போது, "இது மாதிரி உங்க ஏரியாவுல நிறைய வீட்ல இருக்கும்மா. பயத்துல வெளிய சொல்ல மாட்டாங்க. தானா கொண்டுவந்து குடுக்கறவங்கள யாரும் மிரட்ட மாட்டாங்க, அதுக்கு நான் பொறுப்புன்னு நாலாவது பதிவுல எழுதுறியா?" என்றார்.

யுவராணி வண்டியிலேயே எழுத ஆரம்பித்துவிட்டாள். போரூர் தாண்டுவதற்குள் நிஷாவுக்கு இரண்டு தடவை போன் போட்டுப் பிழை பார்க்கச் சொன்னாள். துலுக்கானம் ஓட்டிக்கொண்டே, "நான் அழுததெல்லாம் போடாத," என்றான்.

"போட்டாச்சு நைனா."

திங்கட்கிழமை கேன்டீனில் சௌசௌ நறுக்கிக்கொண்டிருக்கும்போது ராணி முக்காலியை நகர்த்திக்கொண்டு அருகில் வந்தாள். சூப்பர்வைசர் அந்தப் பக்கம் போகும்வரை பொறுத்திருந்தாள்.

"யக்கா."

"சொல்லுடி."

"எங்க ஊட்லயும் கீது."

"இன்னா கீது?"

"அதான்க்கா. நாலு வருசமா. ஆவடி மார்க்கெட்ல பையன் அடம் புட்ச்சான்னு வாங்கிக் குடுத்தாரு. அன்னிக்கு ரயில்ல அந்தப் போட்டோவப் பாத்ததுலருந்து எனக்கு சோறு எறங்கல. எங்களையும் ஒண்ணும் பண்ண மாட்டாங்களா?"

நாகவல்லி கத்தியைக் கீழே வைத்தாள். "மாட்டாங்கடி. நான் உள்ள போய் உயிரோட வந்துகீறேன் பாரு." சொல்லும்போதே அவளுக்கு உடம்பெல்லாம் ஜிவ்வென்றது. இரண்டு. இரண்டாகிவிட்டது.

அந்த வாரம் முழுக்க வீட்டில் போன் ஓயவில்லை; நாலாவது பதிவில் நம்பரைப் போடச் சொன்னதே நாகவல்லிதான். பட்டாபிராமிலிருந்து ஒருவர், திருநின்றவூரிலிருந்து ஒரு வயதானவர், பேர் சொல்லாமல் அழுத ஒரு பெண். எல்லாருக்கும் நாகவல்லியே பதில் சொன்னாள். "மொதல்ல தண்ணிலருந்து எடுங்கம்மா. கோணி மேல வையிங்க. சோறு போடாதீங்க. கீர போடுங்க." ரேஞ்சரிடம் திவ்யா டீச்சர் பேசி, வருகிற சனிக்கிழமை பள்ளி மைதானத்திலேயே வந்து வாங்கிக்கொள்வது என்று முடிவானது. துலுக்கானம் கான்டிராக்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். ஒரு வருஷத்துக்குக் கேட்டதை ஆறு மாசத்துக்குத்தான் கொடுத்திருந்தார்கள். அதற்கு யார் காரணம் என்று அவன் சொல்லவில்லை, அவளும் கேட்கவில்லை.

சனிக்கிழமை விடியும்போதே மழை விட்டிருந்தது. மைதானத்தில் சாமியானா போட்டார்கள். ஒன்பது மணிக்கு யாரும் வரவில்லை. ஒன்பதரைக்கும் வரவில்லை. யுவராணி நகத்தைக் கடித்துக்கொண்டு கேட்டுக்கும் சாமியானாவுக்கும் நடந்தாள். கிஷோர் மதில்மேல் ஏறி நின்று ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"வராங்க!" என்று கத்தினான்.

ராணிதான் முதலில் வந்தாள், கேன்டீன் டிபன் பையை இரண்டு கையாலும் அணைத்துக்கொண்டு. பின்னால் அவள் புருஷனும் தலையைக் குனிந்தபடி மகனும். அவர்களுக்குப் பின்னால் ஒருவர் ஹெல்மெட்டை மல்லாக்கப் பிடித்து, அதற்குள் ஆமையை வைத்துக்கொண்டு வந்தார். ஒரு கல்லூரிப் பெண் செருப்புப் பெட்டியில். திருநின்றவூர்ப் பெரியவர் பூக்கூடையில், மேலே ஈரத்துணி மூடி. ஒருவர் ஆட்டோவில் வந்து, தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, பிரியாணிக் குண்டானோடு இறங்கினார். "ஊட்ல வேற ஒண்ணும் ஆப்டல," என்றார் கூச்சத்தோடு. யார் முகத்தையும் யாரும் நேராகப் பார்க்கவில்லை. எண்ணிக்கை மூன்று, ஐந்து, ஆறு என்று ஏறியது. பத்தேகாலுக்கு ஒன்பது.

ரேஞ்சரின் ஆட்கள் ஒவ்வொன்றாக எடுத்து ஈர மணலில் வைத்தார்கள். ஒன்பது ஓடுகள் ஒரு வட்டத்தில், எல்லாமே மூடிக்கொண்டு. இருநூறு பிள்ளைகள் சுற்றி நின்றார்கள். திவ்யா டீச்சர் உதட்டில் விரலை வைத்தார். அத்தனை பிள்ளைகள் அவ்வளவு அமைதியாக நிற்பதை நாகவல்லி பார்த்ததே இல்லை.

ஹெல்மெட்டில் வந்தது முதலில் தலையை நீட்டியது. காற்றை மோந்தது. பிறகு பூக்கூடை. பிறகு குண்டான். ஒன்று நடக்க ஆரம்பித்து, கபடிக் கோட்டைத் தாண்டி நேராகப் புல் இருந்த பக்கம் போனது. அதன் பின்னால் இன்னொன்று. புல்லைக் கடித்துப் பிய்க்கும் சத்தம் கேட்டது. யாரோ ஒரு சின்னப் பெண் அடக்கமுடியாமல், "துன்னுது!" என்று வீறிட்டாள். அவ்வளவுதான், மைதானமே வெடித்தது. பிள்ளைகள் குதித்தார்கள். நிஷா யுவராணியைத் தூக்கிச் சுற்றினாள். அதுவரை தலைகுனிந்திருந்த ஆட்கள் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். "உங்களுது எத்தினி வருசம்?" என்று ஹெல்மெட்காரர் குண்டான்காரரைக் கேட்டார். ராணியின் மகன் கொஞ்சம் அழுதான். ரேஞ்சர் குனிந்து அவனிடம் என்னவோ சொன்னார், கண்ணைத் துடைத்துக்கொண்டு சரியென்று தலையாட்டினான்.

பதினொன்றரைக்கு ஒன்பதையும் வைக்கோல் போட்ட பெட்டிகளில் வைத்து ஜீப்பில் ஏற்றினார்கள். டிரைவர் வண்டியைக் கிளப்பி கேட்டைத் தாண்டினார். பள்ளிக்கூடத் தெரு முழுக்க மழைத்தண்ணீர். எங்கே பள்ளம், எங்கே மேடு என்று தெரியாது. முன்சக்கரம் ஒரு குழியில் இறங்கி, ஜீப் ஒருபக்கம் சாய்ந்து எழுந்தது. உள்ளே பெட்டிகள் இடித்துக்கொள்ளும் சத்தம் வெளியே கேட்டது.

"டேய், டேய், டேய்! நிறுத்து நைனா!"

துலுக்கானம்தான். லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜீப்புக்கு முன்னால் ஓடினான். "நான் சொல்ற வழில வா. இந்தத் தெருவுல எனக்குத் தெரியாத பள்ளம் இல்ல. லெஃப்ட்ல ஒடி. இன்னும் ஒடி. அங்க மூடி இல்லாத டிரைனேஜு கீது!"

செருப்பு தண்ணீரில் எங்கோ போய்விட்டது. முழங்கால்வரை சேறு. ஒவ்வொரு குழியிலும் தானே இறங்கி நின்று, இங்கே வராதே என்று இரண்டு கையையும் விரித்தான். ஜீப் அவனைச் சுற்றி வளைந்து வந்தது. உடனே அடுத்த குழிக்கு ஓடினான். பிள்ளைகள் பின்னால் கூச்சல் போட்டுக்கொண்டு ஓடினார்கள். யுவராணி போனை உயரத் தூக்கிப் பிடித்துப் படம் எடுத்துக்கொண்டே ஓடினாள். "மாமே, மெதுவா! வேகத்தட கீது!" என்று டிரைவரைப் பார்த்து அவன் கத்துவது தெருமுனைவரை கேட்டது.

கல்யாணமாகிப் பதினாறு வருஷத்தில் அவன் ஓடி நாகவல்லி பார்த்ததில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அவளும் ஓடினாள்.

மெயின் ரோட்டை அவள் எட்டும்போது, துலுக்கானம் நட்டநடு ரோட்டில் நின்றுகொண்டிருந்தான். ஒரு கை திருவள்ளூர் பஸ்ஸைப் பார்த்து, ஒரு கை ஆவடி ஷேர் ஆட்டோக்களைப் பார்த்து. இரண்டு பக்கமும் ஹாரன் கிழிந்தது. பஸ் டிரைவர் தலையை வெளியே நீட்டி, "யோவ், உள்ள இன்னா மந்திரியா போறாரு?" என்று கத்தினார்.

"ஒம்போது பேர் போறாங்க!" என்று பதிலுக்குக் கத்தினான் துலுக்கானம். கையை இறக்கவே இல்லை. ஜீப் நிதானமாகத் திரும்பி, காலியாகக் கிடந்த ரோட்டில் ஏறிப் போனது.